அட்லஸுக்குப் பின்னால் இருந்த புத்தகம்: ஒரு கோடைகால வாசிப்புத் திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு கிளை நூலகத்தில் நடந்தது. நிரந்தரப் பணியாளர்கள் மூவர்: நூலகர், இரவல் மேசை உதவியாளர், புத்தகங்களை அடுக்கும் பணியாளர். கோடை விடுமுறைக்கு மட்டும் இரண்டு கல்லூரி மாணவர்கள் தன்னார்வலர்களாக வந்தார்கள். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 6 வார வாசிப்புத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. சிறுவர் பகுதி வாரத்தில் 6 நாள், காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமை கதை சொல்லல், வியாழக்கிழமை கைவினை, சனிக்கிழமை வினாடி வினா. மற்ற நாட்களில் வாசிப்பும் இரவலும் மட்டும்.

நோக்கம் தெளிவானது: விடுமுறையில் வாசிப்பு விட்டுப்போகக் கூடாது. பள்ளி மூடியிருக்கும் வாரங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவில் பின்தங்குவதில்லை. 1996-ல் அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் குழுவினரும் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக ஒரு மாதப் படிப்புக்கு நிகரான இழப்பு தெரிந்தது. வாசிப்பில் மட்டும் வேறொன்றும் தெரிந்தது: நடுத்தர வருவாய்க் குடும்பப் பிள்ளைகள் விடுமுறையில் சரியவில்லை, வருவாய் குறைந்த குடும்பப் பிள்ளைகள் சரிந்தார்கள். அதற்கும் முன்பே, 1978-ல் வெளியான, சமூகவியலாளர் பார்பரா ஹெய்ன்ஸ் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் செய்த ஆய்வு, விடுமுறைக் கற்றலோடு மிக நெருங்கிய தொடர்புடைய செயல் வாசிப்புதான் என்றும், அதில் பொது நூலகத்தின் பங்கு பெரிது என்றும் காட்டியது. ஆகவே ஒரு கோடைத் திட்டத்தை எடைபோட, எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு போதாது. வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளை வந்ததா, ஒரு புத்தகத்தையாவது வீட்டுக்கு எடுத்துப்போனதா என்று பார்க்க வேண்டும். இந்த நூலகத்தின் திட்டக் குறிப்பிலும் இது எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதைக் கண்காணிக்க எந்தப் படிவத்திலும் இடம் விடப்படவில்லை.

வழக்கமான ஏற்பாடுகள் செய்யப்பட்டன. சுவரில் காகிதத்தால் ஒரு வாசிப்பு மரம். ஒவ்வொரு கிளையிலும் ஒரு பிள்ளையின் பெயர். ஒரு புத்தகம் படித்து முடித்தால் அந்தக் கிளையில் ஒரு இலை. 10 இலை சேர்ந்தால் பரிசு. முதல் வாரத்திலேயே 86 பேர் பதிவு செய்தார்கள். திட்டத்தில் சேர உறுப்பினர் அட்டை கட்டாயமில்லை. வீட்டுக்குப் புத்தகம் எடுத்துச் செல்லத்தான் அட்டை தேவை.

முதல் 3 வாரங்களில் கண்டவை

வாரத்தில் ஒரு நாளாவது வந்தவர்களின் எண்ணிக்கை முதல் வாரம் 81, இரண்டாம் வாரம் 58, மூன்றாம் வாரம் 37. கோடைத் திட்டங்களில் இரண்டாம் வாரச் சரிவு பழகிப்போன ஒன்று. ஊருக்குப் போயிருப்பார்கள், ஆர்வம் குறைந்திருக்கும் என்று பணியாளர்களே காரணம் சொல்லிக்கொள்வது வழக்கம். இங்கும் முதலில் அப்படித்தான் சொல்லப்பட்டது.

மரத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு சில கண்ணில் பட்டன. இரண்டாம் வார முடிவில் ஒரு கிளையில் 41 இலைகள். 30-க்கும் மேற்பட்ட கிளைகளில் ஒன்றே ஒன்று, அல்லது எதுவுமில்லை. 9 வயதுச் சிறுவன் ஒருவன் தன் கிளையருகே நின்று, பக்கத்துக் கிளையின் இலைகளை விரலால் தொட்டு எண்ணிவிட்டு, படக்கதைப் பகுதிக்குப் போய் மெல்லிய புத்தகங்களாக ஐந்தை அள்ளிக்கொண்டு வந்தான். மேசையில் அவற்றின் தலைப்புகளை எழுதிக் கொடுத்துவிட்டு, எதையும் திறக்காமலே திருப்பி வைத்தான். இரவல் பதிவேட்டிலும் அதே போக்கு. வழக்கமாக வெளியே போகும் நடுத்தர அளவுக் கதைப்புத்தகங்கள் தேங்கின, 32 பக்கத்துக்கு உட்பட்டவை சுற்றிச் சுற்றி வந்தன. புத்தகத்தை எண்ணினால் பிள்ளைகள் எண்ணத்தான் செய்வார்கள். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு 150 பக்க நூல் 10 நாள் வேலை. சுவரில் அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு இலை.

அட்லஸுக்குப் பின்னால்

திருப்புமுனை வேறொரு இடத்திலிருந்து வந்தது. மூன்றாம் வாரத் தொடக்கத்தில், நூலகம் மூடும் நேரத்தில், குறிப்புதவிப் பகுதியின் அடித்தட்டில் பெரிய அட்லஸ்களுக்குப் பின்னால் ஒரு சிறுவர் நாவல் செருகப்பட்டிருந்ததை அடுக்கும் பணியாளர் கண்டார். எடுத்து அதன் இடத்தில் வைத்தார். மறுநாள் மாலை அதே புத்தகம் அதே இடத்தில் இருந்தது. இந்த முறை அதற்குள் ஒரு சீட்டு. இரவல் மேசைக் குப்பைக்கூடையில் விழும் ரசீதுத் துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து 38-ஆம் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அவர் சீட்டை உருவிப் போட்டுவிட்டுப் புத்தகத்தை மறுபடியும் அடுக்கினார். மூன்றாம் நாள் புதிய சீட்டு, 61-ஆம் பக்கத்தில்.

தவறான இடத்தில் புத்தகம் இருந்தால் சரிசெய்வது அவருடைய வேலை. அதை இரண்டு முறை ஒழுங்காகச் செய்தார். அந்த இரண்டு முறையும் யாரோ ஒரு பிள்ளை மறுநாள் காலை வந்து விட்ட பக்கத்தைத் தேடியிருக்கிறது. மூன்றாம் நாள் அவர் புத்தகத்தைத் தொடாமல் நூலகரிடம் போய்ச் சொன்னார். இந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க முடிவுகளில் முதலாவது இதுதான் என்பது எங்கள் கருத்து.

நூலகர் உடனே போய் யாரையும் விசாரிக்கவில்லை. பிடிபட்டோம் என்று தோன்றினால் பிள்ளை மறுநாள் வராது. அடுத்த நாள் காலை 11 மணிவாக்கில் ஒரு சிறுமி, சுமார் 11 வயது, 4 வயதுத் தம்பியைக் கையில் பிடித்தபடி அந்த அடுக்கருகே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நூலகர் பக்கத்தில் போய்க் கேட்டது ஒரே கேள்வி: “பாப்பா, இந்தப் புத்தகத்தை நாளைக்கு மேசையிலயே உனக்காக எடுத்து வைக்கட்டுமா?”

“வேணாம் மேடம், என் கார்டு லாக் ஆயிருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல. இங்கேயேதான் படிக்கிறேன்.”

ஏதோ குற்றத்துக்குச் சமாதானம் சொல்வது போலிருந்தது அந்தப் பதில். இரண்டு வருடங்களுக்கு முன் வீடு மாறியபோது நூலகப் புத்தகம் ஒன்று தொலைந்திருக்கிறது. அதன் விலையும் தாமதக் கட்டணமும் கணக்கில் நின்றன. அட்டை முடங்கியது. குடும்பத்தில் யாரும் அதன்பின் இரவல் மேசைப் பக்கம் வரவில்லை.

பதிவேடு சொன்னது

அன்று மாலையே 86 பெயர்களும் உறுப்பினர் பதிவோடு ஒப்பிடப்பட்டன. இரண்டு மணி நேர வேலை. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

86 பேரில் 50 பேரிடம் செல்லுபடியாகும் அட்டை இருந்தது. 20 பேரின் அட்டை முடங்கியிருந்தது. 16 பேருக்கு அட்டையே இல்லை. மூன்றாம் வாரம் வராமல் போன 49 பேரை மட்டும் பிரித்துப் பார்த்தபோது கணக்கு முகத்தில் அறைந்தது: 17 பேர் முடங்கிய அட்டைக்காரர்கள், 14 பேர் அட்டை இல்லாதவர்கள். அதாவது நின்றுபோனவர்களில் 31 பேரால் ஒரு புத்தகத்தைக்கூட வீட்டுக்கு எடுத்துச் சென்றிருக்க முடியாது. அட்டை இருந்தும் நின்றவர்கள் 18 பேர்.

முடங்கிய 20-க்குக் காரணங்கள் மூன்று வகை. 9 பிள்ளைகளுக்குச் சொந்தத் தாமதக் கட்டணம். 3 பேருக்குத் தொலைந்த புத்தகத்தின் விலை. மீதி 8 பேர் எந்தப் பாக்கியும் வைத்திருக்கவில்லை. பிணையாகக் கையெழுத்திட்ட பெற்றோரின் கணக்கில் பாக்கி இருந்ததால் பிள்ளையின் அட்டையும் சேர்ந்து முடங்கியிருந்தது. கோஹா போன்ற நூலக மென்பொருள்களில் பிணையாளரின் பாக்கியையும் அவரைச் சார்ந்தவர்களின் பாக்கியையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்து இரவலைத் தடுக்கும் அமைப்பு உண்டு. எப்போதோ ஒருவர் அதை இயக்கி வைத்திருந்தார். அது இயங்குவது இப்போதைய பணியாளர் யாருக்கும் தெரியாது. திரையில் சிவப்பாக வரும், “பாக்கி இருக்கு தம்பி” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வரிசையில் மற்ற பிள்ளைகள் நிற்கும்போது சொல்லப்படும் வாக்கியம் அது.

அட்டை இல்லாத 16 பேரின் சிக்கல் எளிமையானது. விண்ணப்பத்தோடு முகவரிச் சான்று வேண்டும், பாதுகாவலர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். நூலகம் மூடுவது 5 மணிக்கு. அந்த வீடுகளில் பெரியவர்கள் வேலை முடிந்து திரும்புவது அதற்குப் பிறகு.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

அடுத்த நாள் காலை பணியாளர் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். இரவல் மேசை உதவியாளருக்குத் தயக்கம் இருந்தது. கட்டணத்தை நீக்கினால் புத்தகம் திரும்பாது, ஏற்கெனவே கட்டியவர்களுக்கு அது நியாயமும் ஆகாது என்றார். இருப்புக் கணக்கெடுப்பில் புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்பதால், தயக்கம் நியாயமானது. முடிவுகளை வடிவமைத்ததில் அந்தத் தயக்கத்துக்கும் பங்குண்டு.

கட்டணத் தள்ளுபடிக்கு அனுமதி தரும் அதிகாரம் நூலகக் குழுவுக்கே உண்டு. நூலகர் ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். பொது நூலகச் சேவை கொள்கையளவில் கட்டணமற்றது என்று இஃப்லா (சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு)–யுனெஸ்கோ பொது நூலக அறிக்கையின் 1994, 2022 பதிப்புகள் இரண்டும் சொல்வதை முதலில் வைத்தார். தாமதக் கட்டணம் சமூக ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவம் என்று அமெரிக்க நூலகச் சங்கம் 2019 ஜனவரியில் தீர்மானம் நிறைவேற்றியதையும், அதே ஆண்டு அக்டோபரில் சிகாகோவும் 2021 அக்டோபரில் நியூயார்க் பொது நூலகமும் தாமதக் கட்டணத்தை அடியோடு கைவிட்டதையும் சேர்த்தார். ஆனால் குழுவை நகர்த்தியது குறிப்பின் கடைசி வரி என்றே தெரிகிறது: 49 பேர் நின்றார்கள், அவர்களில் 31 பேருக்கு நம் கதவு பாதிதான் திறந்திருந்தது. இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்பது. அது சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த அறையில்தான் குழுவும் கூடியது.

நான்காம் வாரம் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தவை இவை.

சிறுவர் கணக்குகளின் தாமதக் கட்டணம் முழுவதும் நீக்கப்பட்டது. ‘நிறுத்திவைப்பு’ என்ற யோசனையும் மேசைக்கு வந்து, கைவிடப்பட்டது. திட்டம் முடிந்ததும் கடன் திரும்பி வரும் என்றால் குடும்பங்கள் நம்பி வர மாட்டா. தொலைந்த நூலின் விலை மட்டும் தனியாக வைக்கப்பட்டது. ஒவ்வொன்றையும் நூலகர் பார்த்து, ஓராண்டைத் தாண்டியதென்றால் இழப்பாக எழுதித் தள்ளலாம் என்று குழு எழுத்தில் தந்தது. மூன்றும் ஓராண்டைத் தாண்டியிருந்தன, மூன்றும் தள்ளப்பட்டன.

பிணையாளர் பாக்கியைச் சேர்த்துக் கூட்டும் மென்பொருள் அமைப்பு அணைக்கப்பட்டது. பெரியவர்களின் பாக்கி அவர்கள் கணக்கிலேயே நின்றது. அது வேறு விவாதம், இந்தக் கோடையில் எடுக்கப்படவில்லை.

மீட்கப்பட்ட அட்டைக்கு ஒரு நேரத்தில் 2 புத்தகம் என்று வரம்பு. அட்டை இல்லாதவர்களுக்குக் ‘கோடை அட்டை’: பெயர், வகுப்பு, ஒரு தொலைபேசி எண், அவ்வளவுதான். ஒரு நேரத்தில் 1 புத்தகம், திட்டம் முடியும் நாளோடு காலாவதி. இந்த வரம்புகள் உதவியாளர் முன்வைத்தவை. இழப்பு நேர்ந்தாலும் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடிந்ததால்தான் குழு இசைந்தது.

மேசைக்குப் பின்னால் ஒரு தட்டு காலி செய்யப்பட்டு ‘நாளைக்கு’ என்று எழுதி ஒட்டப்பட்டது. உள்ளே உட்கார்ந்து படிக்கும் எந்தப் பிள்ளையும் பாதியில் விட்ட புத்தகத்தை அங்கே கொடுக்கலாம். பெயர் எழுதிய சீட்டு பக்கத்திலேயே இருக்கும். அட்டை கேட்கப்படாது.

மரத்திலிருந்து பெயர்கள் அகற்றப்பட்டன. எல்லோருக்கும் ஒரே மரம். இலை புத்தகத்துக்கில்லை, 20 நிமிட வாசிப்புக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் 20 கட்டங்கள் உள்ள ஒரு நேர அட்டை. யாராவது வாசிக்கக் கேட்டதும், தம்பி தங்கைக்கு வாசித்துக் காட்டியதும் கணக்கில் சேரும். கீழ் வயது வரம்பு 7 என்பது பதிவுக்கு மட்டும் என்றாயிற்று. சிறு உடன்பிறப்புகளுக்காக ஒரு மூலையில் பாய் விரித்து, கிழியாத அட்டைப் புத்தகங்கள் வைக்கப்பட்டன. அக்காக்கள் பலர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்போடுதான் வெளியே வர முடிந்தது. முதல் 3 வாரங்களில் அந்தச் சின்னப் பிள்ளைகளைச் ‘சத்தம்’ என்று இரண்டு முறை வாசலுக்கு அனுப்பியதும் பதிவாகியிருக்கிறது.

நின்றுபோன 31 வீடுகளுக்கும் தன்னார்வலர்கள் தொலைபேசியில் பேசினார்கள். 24 வீடுகள் கிடைத்தன. சொல்ல வேண்டியது எழுதித் தரப்பட்டது: “பிள்ளையின் அட்டை தயாராக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து புத்தகம் எடுக்கலாம்.” கடன், கட்டணம், தள்ளுபடி என்ற சொற்கள் எதுவும் அதில் கிடையாது. யாராவது கேட்டால் மட்டும், பாக்கி எதுவும் இல்லை என்று பதில்.

தொடர்ந்தது

முதல் தடுமாற்றம் நேர அட்டையில். வீட்டில் படித்ததற்குப் பெரியவர் கையெழுத்து வேண்டும் என்று அட்டையின் கீழே அச்சாகியிருந்தது. மூன்றாம் நாளே சில பிள்ளைகள் 20 கட்டங்களையும் ஒரே பேனாவால் ஒரே மாதிரி கிறுக்கிக் கொண்டுவந்தார்கள். வேறு சிலர், பெரியவர்கள் வீட்டில் இல்லாததால், படித்திருந்தும் காலியாக நீட்டினார்கள். கையெழுத்து நீக்கப்பட்டு, மேசையில் முத்திரை குத்துவது என்று மாற்றப்பட்டது. அதனால் மாலை 4 மணிக்கு மேசையில் நெரிசல். முத்திரையைச் சிறுவர் பகுதிக்கே கொண்டுபோய்த் தன்னார்வலரிடம் கொடுத்ததும், “என்ன படிச்சே, யாரை உனக்குப் பிடிச்சது?” என்று கேட்டுவிட்டுக் குத்துவது வழக்கமாகியது. கள்ளக் கணக்கு முழுவதும் நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. கேள்விக்குப் பதில் சொல்லப் பிள்ளைகள் காத்திருந்து பேசினார்கள் என்பது மட்டும் உறுதி.

‘நாளைக்கு’ தட்டு ஒரே வாரத்தில் நிரம்பியது. ஒரே பிரதி உள்ள புத்தகத்துக்கு இரண்டு பேர் சண்டை. இரண்டு நாள் வராவிட்டால் புத்தகம் அடுக்குக்குப் போகும், சீட்டு மட்டும் பக்க எண்ணோடு மேசையில் இருக்கும் என்று விதி செய்யப்பட்டது. பக்க எண் குறிக்கப்பட்டதால் அதன்பின் யாரும் இடம் தவறவில்லை.

வருகை நான்காம் வாரம் 46, ஆறாம் வாரம் 54. அந்த 54 பேரில் 33 பேர் தொடக்கத்திலிருந்து விடாமல் வந்தவர்கள், 17 பேர் அட்டைச் சிக்கலால் நின்று திரும்பியவர்கள், 4 பேர் அட்டை இருந்தும் நின்று திரும்பியவர்கள். அட்டைச் சிக்கல் இருந்த 36 பேரில் 22 பேர் கடைசி 3 வாரங்களில் 118 முறை புத்தகம் எடுத்தார்கள். திட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது திரும்பாதவை 6. நினைவூட்டலுக்குப் பின் 4 வந்து சேர்ந்தன. போனது 2 புத்தகம். உதவியாளர் இந்தக் கணக்கைத் தாமே முன்வந்து குழுவிடம் வைத்தார்.

ஐந்தாம் வாரம், மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அந்தச் சிறுமியின் அம்மா வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். மேசைக்கு வராமல் வாசலருகேயே நின்று நூலகரிடம் கேட்டார்: “மேடம், பாப்பா ரெண்டு புக் வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருக்கா. அப்புறமா எல்லாத்தையும் மொத்தமா சேர்த்துக் கேக்க மாட்டீங்களே?” வாய்வார்த்தை போதாது என்று நூலகருக்குத் தோன்றியது. சிறுமியின் கணக்கைத் திறந்து, நிலுவை 0 என்று காட்டும் சீட்டை அச்செடுத்துக் கையில் கொடுத்தார். அம்மா அதை இரண்டு முறை படித்துப் பார்த்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து மீட்கப்பட்ட ஒவ்வொரு அட்டைக்கும் இதே சீட்டு அச்செடுத்துக் கொடுக்கப்பட்டது. தொலைபேசியில் கூப்பிட்டபோதே கொடுப்பதாகச் சொல்லியிருந்தால், அட்டைச் சிக்கலால் நின்று திரும்பாத 14 பேரில் சிலராவது வந்திருக்கக்கூடும்.

பலிக்காதவையும் உண்டு. 13, 14 வயதுப் பையன்கள் நான்காம் வாரத்துக்குப் பின் ஒருவர்கூடத் திரும்பவில்லை. இலையும் முத்திரையும் அவர்களுக்கானவையல்ல. அட்டை இருந்தும் நின்ற 18 பேரில் 14 பேர் வரவே இல்லை. அவர்கள் ஏன் நின்றார்கள் என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கட்டணத்தைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகும் என்று இந்த நிகழ்வைப் படித்தால் அது பிழை.

அடுத்த கோடைக்கு மாறுபவை

திட்டம் தொடங்க 4 வாரம் இருக்கும்போதே சிறுவர் கணக்குகளில் முடங்கியவற்றின் பட்டியல் எடுக்கப்படும். பதிவு நாளன்றே அட்டை நிலை பார்க்கப்பட்டு, சிக்கல் இருந்தால் பிள்ளைக்குத் தெரியாமலே தீர்க்கப்படும். மேசையில் ‘பாக்கி’ என்ற சொல்லைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது, பெரியவரிடம் தனியாக மட்டும். வாரம் ஒரு நாள் மாலை 7 மணி வரை திறந்து வைக்கப்படும், கையெழுத்துக்காகவும் பெற்றோருக்காகவும். வருகைப் பதிவேட்டில் ‘இந்த வாரம் வீட்டுக்கு எடுத்தார்களா’ என்று ஒரு பத்தி கூடுகிறது. இரண்டாம் வார முடிவில் அந்தப் பத்தியில் வெற்றிடம் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் தொலைபேசி போகும், மூன்றாம் வாரம் வரை காத்திருக்க மாட்டார்கள். 13 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சிறுவர் பகுதியிலிருந்து பிரித்து, சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பும் புத்தகம் வாங்கும் பட்டியலில் கருத்துச் சொல்லும் இடமும் தரலாம் என்பது யோசனை. அது இன்னும் சோதிக்கப்படவில்லை.

அடுக்கும் பணியாளருக்கு ஒரு குறிப்பேடு தரப்பட்டுள்ளது. மாலையில் இடம் மாறிக் கிடக்கும் சிறுவர் புத்தகங்களை அடுக்குவதற்கு முன், எந்தப் புத்தகம், எங்கே கிடந்தது, எத்தனையாம் முறை என்று எழுத வேண்டும். உள்ளே சீட்டு இருந்தால் எடுக்கக் கூடாது என்பது அதன் முதல் பக்கத்தில் இருக்கிறது.